மறுவீடு வந்த ரிசீவர்

நவம்பர் 9, 2024, சனி: அகிஹபாரா

டோக்கியோவில் இறங்கிய அன்றே, பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு நேராக, மின்பொருள் கடைகள் நிறைந்த அகிஹபாராவுக்குப் போனேன். திருச்சியில் என் வீட்டு அலமாரியில் ஒரு பக்கம் மட்டும் பாடிக்கொண்டிருக்கும் பெட்டிதான் அதற்குக் காரணம். 1981-இல் சிங்கப்பூரிலிருந்து எம்.வி. சிதம்பரம் கப்பலில் நாகப்பட்டினம் வந்திறங்கிய பெரியப்பா, தம் துணிமணிகளைவிடப் பத்திரமாகக் கொண்டுவந்தது பயனீர் எஸ்.எக்ஸ்-780 என்ற ஸ்டீரியோ ரிசீவரை. வானொலி, ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டுக்கும் டேப்புக்குமான இணைப்புகள் ஆகிய அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய, ஒவ்வொரு பக்கமும் 45 வாட் தரும் 1978-ஆம் ஆண்டு மாடல் அது. பெரியப்பா போன பிறகு அது என்னிடம் வந்தது. மூன்று ஆண்டுகளாக அதன் வலப்பக்கம் ஊமையாகிவிட்டது. அந்தப் பக்கத்தை இயக்கும் எஸ்.டி.கே-0050 என்ற சான்யோ நிறுவனத்தின் பவர் பேக் போய்விட்டது. அது இப்போது தயாரிப்பில் இல்லை. புதியது என்று இணையத்தில் விற்கப்படுபவற்றில் போலிகள் மிகுதி. அவற்றில் இரண்டை வாங்கி ஏமாந்த பிறகு, பழுதான செட் ஒன்றிலிருந்து கழற்றிய அசல் உருப்படி பிறந்த நாட்டிலேயே கிடைக்கும் என்று நம்பித்தான் விடுமுறையை இந்தப் பக்கம் திருப்பினேன்.

போர் முடிந்த ஆண்டுகளில் கான்டா பகுதியின் தெருவோரங்களில் வால்வுகளும் ரேடியோ உதிரிகளும் விற்ற தள்ளுவண்டிகள், 1949-இல் தெருக்கடைகளை அகற்றச் சொல்லி ஆணை வந்தபோது ரயில் பாலத்தின் அடியில் ஒதுங்கின. ரேடியோ சென்டர் என்ற பெயரில் இன்றும் அந்தச் சந்து இருக்கிறது. எதிரே ஆள் வந்தால் இருவரும் பக்கவாட்டில் திரும்பித்தான் கடக்க வேண்டும். தலைக்கு மேலே சோபு தடத்து ரயில் போகும்போது இழுப்பறைகளில் உள்ள திருகாணிகள் மெல்லச் சிலுசிலுக்கின்றன. ஒரு கடையில் ஸ்விட்சுகள் மட்டும், இன்னொன்றில் மீட்டர்கள் மட்டும், அடுத்ததில் குமிழ்கள் மட்டும் விற்கிறார்கள். ஒரு கடையின் அகலம் ஒருவர் உட்கார்ந்து இரு கையையும் நீட்டினால் முடிந்துவிடுகிறது.

எஸ்.டி.கே-0050 என்று தாளில் எழுதிக் காட்டினேன். எழுபதைத் தாண்டிய கடைக்காரர் இல்லை என்று சொல்வதற்கு முன் மூன்று இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார். பிறகு கடையை அப்படியே விட்டுவிட்டு, என்னை இரண்டு திருப்பம் தாண்டி இன்னொரு கடைக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்தவரிடம் என் தேவையைத் தாமே விளக்கினார். அங்கும் இல்லை. இருவரும் சேர்ந்து எனக்குத் தலைவணங்கினார்கள். இல்லாத ஒரு பொருளுக்காக இத்தனை வருத்தம் தெரிவித்த கடைக்காரர்களை நான் முன்பு பார்த்ததில்லை. போகும்போது முதலாமவர் கைபேசியின் மொழிபெயர்ப்பு வழியாக ஒன்று சொன்னார்: “ரிசீவரா? அது வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் பொருள் ஆயிற்றே.” அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. நிலையத்தை ஒட்டிய நின்றபடி சாப்பிடும் கடையில் சோபா நூடுல்ஸ் 480 யென், நம் பணத்தில் ஏறத்தாழ 265 ரூபாய். குழம்பின் அடியில் மீனின் வாசம் இருக்கும். சைவம் மட்டும் உண்பவர்கள் இந்த நாட்டில் குழம்பு என்று எதைக் கண்டாலும் விசாரித்துக்கொள்வது நல்லது. நான் எல்லாம் உண்பவன் என்பதால் கிண்ணத்தைக் கவிழ்த்துக் குடித்தேன். குளிருக்கு அது போல் இதமானது வேறில்லை.

நவம்பர் 10, ஞாயிறு: புறநகரும் ஷிபுயாவும்

பழைய பொருள்களை வாங்கி விற்கும் சங்கிலிக் கடை ஒன்றுக்குப் புறநகர் ரயிலில் நாற்பது நிமிடம் பயணம். இவ்வகைக் கடைகளில், இயங்குமா இயங்காதா என்ற பொறுப்பை ஏற்காமல் விற்கும் பொருள்களுக்கு ‘ஜங்க்’ என்று தனிப் பகுதி உண்டு. சேகரிப்பாளர்கள் அங்குதான் முழங்காலிட்டுத் தேடுகிறார்கள். யாரும் யாரையும் இடித்துக்கொள்வதில்லை. ஒருவர் ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்துவிட்டால் அவர் எழும்வரை அடுத்தவர் காத்திருக்கிறார்.

அலமாரி முழுவதும் வெள்ளி முகமும் கறுப்பு முகமுமாக ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன: சான்சுயி, ட்ரையோ, யமஹா, ஆன்கியோ. அவற்றுக்குக் கீழே, வானொலி அலைவரிசையைப் பிடித்துத் தரும் ட்யூனர்கள் தனியாக இருந்தன. ஆனால் ரிசீவர் என்று சொல்லத்தக்கவை, நீண்ட கண்ணாடிக்குப் பின்னே அலைவரிசை எண்கள் ஒளிரும் அந்த அகலப் பெட்டிகள், ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உள்நாட்டுக்கான சிறிய மாடல். மர உறையில் கீறல்கூட இல்லை. விலை 9,900 யென். அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கல்லாவில் இருந்த இளைஞர் என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, பில் போடாமல் நிறுத்தினார். டயலின் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் விரலை வைத்துக் காட்டினார்: 76, 90. ஜப்பானின் பண்பலை ஒதுக்கீடு தொடக்கத்திலிருந்தே 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை; அண்மைக் காலத்தில்தான் அது 95 வரை நீட்டப்பட்டது. உலகின் பெரும்பகுதியில் 88 முதல் 108 வரை. தம் கைபேசியில் இந்திய நிலையங்களைத் தேடி, சென்னையில் தனியார் நிலையங்கள் 91.1-இல்தான் தொடங்குகின்றன என்பதைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினார். “இது உங்கள் ஊரில் பேசாது” என்று திரையில் எழுத்துகள் வந்தன. தம் கடைக்கு வரவிருந்த பணத்தை வேண்டாம் என்று தடுத்த அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு மறக்காது.

வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், ஜங்க் பகுதியிலிருந்து சான்சுயி ஏ.யூ-டி607 ஆம்ப்ளிஃபயர் ஒன்றை 6,600 யென்னுக்கு வாங்கினேன். சான்சுயி 1947-இல் டிரான்ஸ்பார்மர் செய்யத் தொடங்கிய நிறுவனம். பெயருக்கு மலையும் நீரும் என்று பொருள். நம் ஊரில் அந்தப் பெயரைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அதன் உண்மையான உயரம் இந்த ஆம்ப்ளிஃபயர்களைக் கையில் தூக்கினால்தான் தெரியும். பத்துக் கிலோவுக்கு மேல். கடையில் கட்டிக்கொடுத்த நைலான் கயிறு விரல்களில் பதிந்து, விடுதிக்கு வருவதற்குள் இரு உள்ளங்கைகளும் சிவந்துவிட்டன.

அறையில் மின்சாரம் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. இந்தத் தலைமுறைக் கருவிகளில் ஸ்விட்சைப் போட்டு நான்கைந்து நொடி கழித்து உள்ளே ‘டக்’ என்று ரிலே எனும் மின்காந்த ஸ்விட்ச் ஒன்று விழும். வெளியே வரும் மின்சாரம் ஸ்பீக்கருக்குத் தீங்கு செய்யாது என்று உறுதியான பிறகே அது இணைப்பைத் தரும். அந்தச் சத்தத்துக்காக ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். விழவே இல்லை.

மாலை ஷிபுயாவின் டோகென்ஸாகா மேட்டில் உள்ள ‘லயன்’ என்ற இசைக் காப்பிக்கடைக்குப் போனேன். 1926-இல் தொடங்கி, போரில் எரிந்து, அதே வடிவில் மீண்டும் எழுப்பப்பட்ட இடம். ரயிலின் இருக்கைகள் போல நாற்காலிகள் எல்லாம் ஒரே திசையை நோக்கி இருக்கின்றன. அந்தத் திசையில் கோவில் தேர் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் அமைப்பு. பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பரிமாறும் பெண் தட்டைக் கூட ஓசையின்றி வைத்தார். என் பக்கத்து மேசையிலிருந்த முதியவர், வாத்திய இசை நடக்கும்போது சர்க்கரையைக் கலக்காமல், ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிக்குக் காத்திருந்து கரண்டியைத் தொட்டார்.

இப்படிப்பட்ட ஓர் அவையை நம் மார்கழிக் கச்சேரிகளில்கூட நான் கண்டதில்லை. சிறிய வீடுகளில் வாழ்ந்து, பெரிய ஓசைக்குப் பொது இடத்தை நாடிய ஒரு நகரம் இது என்று அப்போது தோன்றியது. அகிஹபாராக் கடைக்காரர் சொன்னதன் பாதி அங்கே புரிந்தது.

நவம்பர் 11, திங்கள்: ஜின்போசோ

மீதிப் பாதி பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தது. மதியம் ஜின்போசோவில் கறிச்சோறு சாப்பிட்டேன். இங்கே ‘கரே’ என்பது கெட்டியாகவும் சற்று இனிப்பாகவும் இருக்கிறது, கூடவே வெண்ணெயோடு வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டு வந்தன. பிறகு எழுபதுகளின் ஆடியோ இதழ்களை ஒரு கடையின் மாடியில் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எழுத்தைப் படிக்க இயலாவிட்டாலும் படங்கள் போதுமானவை. விளம்பரங்களில் ஆம்ப்ளிஃபயர் தனி, ட்யூனர் தனி, டெக் தனி. நான் தேடிய ராட்சச ரிசீவர்களின் படங்கள் அரிதாகவே இருந்தன.

அவை முதன்மையாக அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்டவை. ஜப்பானிலும் ஒகினாவாவிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள், முகாம்களின் வரியில்லாக் கடைகளில் இவற்றை மலிவாக வாங்கிக் கப்பலில் ஊருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அந்த நாடு முழுவதும் இதற்குச் சந்தை விரிந்தது. 1974 நவம்பரில் அமெரிக்க வணிக ஆணையம், ஆம்ப்ளிஃபயரின் திறனை இனிமேல் எப்படி அளந்து எப்படி விளம்பரப்படுத்த வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதுவரை வாய்க்கு வந்த வாட் கணக்கைச் சொல்லி விற்றவர்கள் அனைவரும் ஒரே தராசில் ஏற வேண்டியதாயிற்று. அதன் பின் மூண்டது பெரும் போட்டி. பயனீர் எஸ்.எக்ஸ்-1250 பக்கத்துக்கு 160 வாட் என்று 1976-இல் வந்தது. 1978-இல் அதே நிறுவனம் எஸ்.எக்ஸ்-1980 என்று 270 வாட்டுக்கு ஏறியது. எடை 35 கிலோ, நம் ஊர்ச் சிமெண்ட் மூட்டையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. மரான்ட்ஸும் சான்சுயியும் 300-ஐத் தொட்டன, டெக்னிக்ஸ் 330 வரை போயிற்று. மரான்ட்ஸ் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கப் பெயர் என்றாலும், எழுபதுகளில் அதன் நீல விளக்கு ரிசீவர்கள் பெரும்பாலும் ஜப்பானியத் தொழிற்சாலையில் உருவானவையே. எண்பதுகள் தொடங்கியதும் இந்தப் போட்டி ஓய்ந்தது. பிளாஸ்டிக் முகமும் செலவைக் குறைத்த உட்புறமும் வந்தன, 1985-க்குப் பின் யென்னின் மதிப்பு ஏறியது ஏற்றுமதியை மேலும் நெருக்கியது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் அந்தக் காலம். அதற்குள் செய்யப்பட்டவற்றின் மீது இன்றும் மனிதர்கள் பைத்தியமாக இருப்பதற்கு வாட் கணக்கு காரணம் என்று நான் நினைக்கவில்லை. ட்யூனிங் குமிழைச் சுண்டிவிட்டால், உள்ளே உள்ள கனத்த உலோகச் சக்கரத்தின் வேகத்தில் முள் தானாகவே டயலின் மறுகோடி வரை வழுக்கிப்போய் நிற்கும். அந்த ஓட்டத்தை விரல் ஒருமுறை அறிந்துவிட்டால் தொடுதிரைக்கு மனம் திரும்பாது. அதைவிடப் பெரிது, இவற்றைத் திறந்து பார்க்க முடியும் என்பது. ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், பெயர் எழுதியிருக்கும், சர்க்யூட் வரைபடம் கிடைக்கும். இன்னொருவன் ஒருநாள் இதைப் பழுதுபார்ப்பான் என்று நினைத்தே செய்தவன் செய்திருக்கிறான்.

அதை அன்று மாலையே கண்ணால் கண்டேன். விடுதி வரவேற்பாளர் தேடித் தந்த முகவரியில், தனியொருவராகப் பழைய ஆடியோ கருவிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அந்த ஊமைச் சான்சுயியைக் கொண்டுபோனேன். வாசலில் செருப்பைக் கழற்றியதும், நான் சுமந்துவந்ததைப் பார்த்து ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பழுதுபார்க்க ஆறு மாதம் வரிசை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் மூடியைக் கழற்றி, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு என்னை அருகே கூப்பிட்டார். பெரிய மின்தேக்கிகள் ஆடாமல் இருக்க அவற்றின் அடியில் தொழிற்சாலையில் ஊற்றிய பசை, அந்நாளில் வெளிர் மஞ்சளாக இருந்தது, நாற்பது ஆண்டுகளில் கருப்பட்டிப் பாகு போலப் பழுத்து இறுகியிருந்தது. பழையதாகும்போது இந்தப் பசை மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. ஈரத்தை இழுத்துத் தன்னைத் தொடும் உலோகத்தையும் அரிக்கிறது. மூங்கில் குச்சியால் அவர் அதை மெல்லச் சுரண்டியபோது அடியிலிருந்த ஒரு ரெசிஸ்டரின் கால் தெரிந்தது: பச்சை பூத்து, முடியளவுக்கு மெலிந்து. குச்சியால் தொட்டதும் முறிந்தது. அந்தக் கால் முறிந்ததால்தான் ரிலே விழவில்லையா, இன்னும் பல இடங்களில் இதே கதையா என்று கேட்டேன். அவர் பலகை முழுவதும் குச்சியை நகர்த்திக் காட்டினார். பதினேழு இடங்களில் அதே பசை இருந்தது.

இதைத் திருச்சிக்குத் தூக்கிப்போய் என்ன செய்வது, இங்கே எங்கே எறிவது என்று நான் தயங்கி நின்றதை அவர் கண்டுகொண்டார். இங்கே மின்கருவிகளைக் குப்பையில் போட முடியாது. அதற்கும் முறையும் கட்டணமும் உண்டு. வேறு செட்டுகளுக்கு உதிரியாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு தாளில் ரசீது எழுதி முத்திரையிட்டு, அதன் மேல் என் பயனீருக்குப் பொருந்தக்கூடிய ஃபியூஸ் வடிவ டயல் விளக்குகள் ஆறு வைத்து இரு கைகளாலும் நீட்டினார். எஸ்.டி.கே-0050 அவரிடமும் இல்லை. இருந்தவை அனைத்தும் அமெரிக்காவுக்குத் தபாலில் போய்விட்டன என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்: ஹமமட்சு

ரயிலில் வலப்பக்கச் சன்னல் இருக்கை கேட்டு வாங்கியிருந்தேன். ஃபுஜி மலையின் உச்சியில் மெல்லிய வெண்மை. இந்த ஆண்டு முதற்பனி நவம்பர் 7-ஆம் தேதிதான் பதிவாகியிருந்தது. 130 ஆண்டுக் கணக்கில் இத்தனை தாமதம் இல்லையாம். மலை பின்தங்கிய சற்று நேரத்தில் ஃபுஜி ஆற்றுப் பாலம். எனக்கு அந்த ஆறும் காண வேண்டிய இடந்தான். அதற்குக் கிழக்கே ஜப்பானின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கியதால் வந்த பிளவு, இன்றுவரை ஒட்டவில்லை. இந்த நாட்டில் செய்யப்படும் டிரான்ஸ்பார்மர்களும் மோட்டார்களும் இரண்டையும் தாங்கியாக வேண்டும்.

ஹமமட்சுவில் யமஹாவின் காட்சியகம் பார்த்தேன். 1887-இல் பள்ளிக்கூட ஆர்மோனியம் போன்ற ஓர் ஆர்கனைப் பழுதுபார்க்கப் போன கைவினைஞர் தொராகுசு யமஹா, அதன் உள்ளமைப்பைக் கற்றுத் தாமே ஒன்று செய்யத் துணிந்ததில் தொடங்குகிறது அந்த நிறுவனத்தின் கதை. பழுதுபார்த்தலில் பிறந்த நிறுவனம் என்பது முந்தின நாள் மாலைக்குப் பிறகு எனக்குக் கூடுதலாகத் தித்தித்தது. கால்கள் ஓய்ந்துவிட்டதால் வேறெங்கும் போகவில்லை. வட்டமாக அடுக்கி நடுவில் முளைகட்டிய பயறு வைத்துத் தரும் இந்த ஊர்க் கியோசா கொழுக்கட்டைகள் பன்னிரண்டு சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குத் தூங்கினேன்.

நவம்பர் 13, புதன்: ஒசாகா, நிப்பொன்பாஷி

காலையில் தூறல். விடுதியில் குடை கொடுத்தார்கள். நிப்பொன்பாஷியின் மின்பொருள் தெருவில், இரண்டாம் மாடியில், படிக்கட்டிலேயே ஸ்பீக்கர்கள் அடுக்கிய ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது, சுவரோரம் தாழ்வான மேசையில், எங்கள் வீட்டுப் பெட்டி. அதே இரு பவர் மீட்டர்கள், அதே வெள்ளிக் குமிழ்கள். எஸ்.எக்ஸ்-780.

விலைச்சீட்டில் 49,800 யென் என்ற எண்ணுக்கு மேலே இருந்த மூன்று எழுத்துகளை வாசித்துக் காட்டும்படி கேட்டேன். கடைக்காரர் அம்மா “சதோகாயேரி” என்றார். கல்யாணமாகிப் போன பெண் முதன்முறை பிறந்த வீட்டுக்கு வந்துபோவதைக் குறிக்கும் சொல் அது. கடல் கடந்து விற்கப்பட்டு மீண்டும் தாயகம் திரும்பிய பொருள்களுக்கும் அதையே வழங்குகிறார்கள். நம் சொல்லில் மறுவீடு. அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகள் இருந்து, அங்கே யாரோ விற்க, இங்கே யாரோ வாங்கி, இப்போது இந்த மேசையில். பின்புறம் பார்த்தேன்: 120 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. ஜப்பானின் 100 வோல்ட்டை உயர்த்தித் தரும் சிறு டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் இதன் சொந்த ஊரில் இதற்கு மின்சாரம் ஊட்ட வேண்டியிருக்கிறது.

கேட்கலாமா என்றேன். அவர் ஸ்விட்சைப் போட்டார். நான் மனத்துக்குள் எண்ணினேன். ஐந்தாம் எண்ணில் ரிலே விழுந்தது. டயல் அமெரிக்காவுக்கானது, 88-இல் தொடங்குவது. ஒசாகாவின் பெயர்பெற்ற இசை நிலையங்கள் பலவும் 80, 85 என்று அதற்குக் கீழே ஒலிபரப்புகின்றன. அவை இந்த முள்ளுக்கு எட்டாது. அவர் குமிழை இடப்பக்கமாகச் சுண்டினார். முள் வழுக்கிக்கொண்டே போய், எண்கள் முடியும் விளிம்பில், சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. 88.1. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் பண்பலை, ஒசாகா. ஒரு பியானோ. இடக்கை இடப்பக்க ஸ்பீக்கரிலும், வலக்கை வலப்பக்கத்திலும் வாசித்தது போல் எனக்குக் கேட்டது. மூன்று ஆண்டுகளாக நான் பாதியாகவே கேட்டுவந்த ஒன்று முழுதாக வந்தபோது, குடையிலிருந்து தரையில் நீர் சொட்டுவதைக்கூடக் கவனிக்காமல் நின்றுவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு துணியைக் கொண்டுவந்து குடைக்கு அடியில் விரித்தார்.

ஏறத்தாழ 27,000 ரூபாய். இதிலுள்ள பவர் பேக்கைக் கழற்றி வீட்டிலுள்ளதற்குப் போட்டுவிடலாம் என்ற கணக்கோடுதான் பணத்தை எடுத்தேன். எடுக்கும்போதே அது நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டும் அருகருகே இருக்கட்டும், ஒன்றின் வலப்பக்கத்துக்கு இன்னும் தேடலாம்.

மடித்த துணிகளும் செய்தித்தாளும் வைத்துப் பெட்டியைக் கட்டினார். கண்ணாடிக்கு முன் ஓர் அட்டை, குமிழ்களின் உயரத்துக்கு இரண்டு அட்டை. இந்தியாவில் எத்தனை வோல்ட் என்று கேட்டார். 230 என்றேன். அவர் முகம் மாறியது. செருகியைக் கையில் எடுத்து, அதைச் சுற்றி வெள்ளை ஒட்டுத்தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மீது சிவப்பு மையில் 120 என்று பெரிதாக எழுதி, என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மூடியை ஒட்டினார்.